நாலு செங்கல் உயரம்

ஸ்டூல் ஒன்று செய்தேன். நாலு கால், மேலே ஒரு பலகை. மூன்று வாரம் ஆனது.

நான் கொத்தனார். படித்தது ஐந்தாவது. முப்பது வருடம் மைசூரில் சுவர் கட்டினேன். எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். சாரத்தில் நிற்கும்போது தலை சுற்ற ஆரம்பித்தது. இறங்கிவிட்டேன். இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். மர வேலை செய்தது கிடையாது. பக்கத்தில் நின்று குறை சொன்னது உண்டு.

மனைவி பூ விற்கிறாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் கல் பாவிய நடைபாதையில் இரண்டடி அகல இடம். இங்கே அதை ஜாகா என்போம். இருபத்திரண்டு வருடம் அந்த ஜாகாவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக் கட்டினாள். அவளுக்கு இடப்பக்கம் ஒரு வெற்றிலைக்காரம்மா. வலப்பக்கம் தேங்காய்க் கடைச் சுவர்.

இந்த வருடம் கோடையில் அவளுக்கு முட்டி வீங்கியது. ஒரு நாள் கூடையைக் கட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வெற்றிலைக்காரம்மாவும் தேங்காய்க் கடைக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். பூ வாங்க வந்த ஒரு பெண் கூடையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மனைவி அதைப் பற்றி ஒரு வரிதான் சொன்னாள். மறுநாள் போகவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். மாத்திரை எழுதினார். நடக்கலாம், நிற்கலாம், தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்றார்.

"வீட்லயே இரு" என்றேன்.

"முட்டிதான் புடிச்சிருக்குது. வீட்லயே உட்காந்தா வாயும் புடிச்சுக்கும்" என்றாள்.

ஜாகாவுக்கு ஒரு முறை உண்டு. உடம்பு சரியில்லாமலோ ஊருக்குப் போயோ யாராவது வராவிட்டால், அவர்களுடைய கோணிப்பையை விரித்து மேலே ஒரு கல்லை வைப்பார்கள். பை கிடக்கிறவரை அங்கே வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எங்கும் எழுதி வைத்தது இல்லை. ஆனால் தினமும் காலையில் விரிக்க வேண்டும், சாயங்காலம் எடுக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்தேன். கல்லுக்குப் பதில் செங்கல் வைத்தேன். பஸ் ஏறிப் போய்ப் பையை விரித்து, செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். சாயங்காலம் மறுபடி பஸ் ஏறிப் போய் எடுத்து வருவேன். இரண்டரை மாதம் இப்படி.

ஆனால் இந்த வழக்கம் வரமகாலட்சுமி பண்டிகைக்குச் செல்லாது. இங்கே பண்டிகையை ஹப்பா என்பார்கள். அது வெள்ளிக்கிழமை. முந்தின நாள் வியாழக்கிழமை மைசூரே பூ வாங்க வரும். அன்றைக்கு இரண்டடி இடத்தைப் பைக்கு விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. அன்று யார் உட்கார்கிறார்களோ, அதன் பிறகு ஜாகா அவர்களுக்கு. இதுவும் எழுதி வைத்தது இல்லை.

வெற்றிலைக்காரம்மா மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"ஏனுங் மேஸ்திரி, இன்னைக்கும் செங்கல்லுதான் வியாபாரம் பாக்குதா?"

"ஆமா."

"எத்தன மாரு கட்டியிருக்குது?"

மாரு என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். இங்கே பூவை அந்தக் கணக்கில்தான் கொடுப்பார்கள். நான் பையின் ஓரத்தை இழுத்துவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. ஹப்பாவுக்கு இன்னும் மூணு வாரம். அக்கா வந்துட்டா எனக்குச் சந்தோசம். வரலைன்னா, எனக்கும் ஒரு மருமக இருக்கறா. அவளுக்கும் பூக் கட்ட வரும்."

"வந்துருவா."

"எது மேல உட்காருவா?"

அதுதான் தெரியவில்லை.

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கியிருந்தோம். ஒன்றரை அடி உயரம். அதில் உட்கார்ந்தால் கூடையில் இருக்கும் பூவுக்காகக் கிணற்றில் எட்டிப் பார்ப்பது போலக் குனிய வேண்டும். பூவுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த இடத்துக் கல் எப்போதும் ஈரம். ஸ்டூலின் கால் வழுக்கியது. குட்டையாக இன்னொன்று வாங்கினோம். அது குளிக்கும்போது போட்டுக்கொள்வது. உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் கடையில் எதுவும் இல்லை.

உயரம் கண்டுபிடிக்க வாசலில் செங்கல் அடுக்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. உட்கார்ந்து எழுந்தாள். பல்லைக் கடித்தாள். ஐந்து வைத்தேன். கூடைக்குக் கை எட்டவில்லை. நாலு வைத்தேன். உட்கார்ந்தாள், கூடையில் கைவிட்டாள், எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை.

"இதான். இந்த ஒசரத்துக்கு ஒண்ணு ஆசாரிகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

ஆசாரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நானும் அவரும் எத்தனையோ கட்டடத்தில் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம். கதவு நிலை சுவரில் சரியாக உட்காராவிட்டால், நிலை கோணல் என்று நான் சொல்வேன். சுவர் கோணல் என்று அவர் சொல்வார். முப்பது வருடமாக இதே பேச்சு. கடைசியில் வீட்டுக்காரர்தான் இடைவெளியில் ஏதாவது அடைத்துக்கொள்வார். ஒரு ஸ்டூலுக்காக அவர் வாசலில் போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

"நானே செய்யறேன்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எனக்கு ஹப்பாவுக்குள்ள வேணும்" என்றாள்.

மண்டி மொஹல்லாவில் பழைய இரும்புச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு ரம்பம், இரண்டு உளி, ஒரு இழைப்புளி வாங்கினேன். சுத்தியும் மூலைமட்டமும் என்னிடமே இருந்தன.

"என்ன செய்யப் போறீங்க அண்ணா?" என்றார் கடைக்காரர்.

"ஸ்டூல்."

"பிளாஸ்டிக்ல கிடைக்குதே."

"தெரியும்."

மரம் வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் சென்டரிங் பலகை கிடந்தது. கூரைக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் தாங்கக் கொடுப்போமே, அந்தப் பலகை. நல்ல பலகை என்று வைத்திருந்தேன். ரம்பத்தை வைத்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கீச்சென்றது. உள்ளே ஆணி. தள்ளி வைத்து அறுத்தேன். அங்கேயும் ஆணி. ஆணி இல்லாத இடத்தில் சிமெண்ட் ஊறிக் கல்லாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் ரம்பத்தின் பல்லில் விரலை வைத்துத் தேய்க்கலாம் என்றாகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"ஸ்டூல் செஞ்சீங்களா, சுவர் அறுத்தீங்களா?"

"மரந்தான்."

அவர் நம்பவில்லை. சாணை பிடித்துக் கொடுத்தார்.

பிறகு மரக்கடையில் சில்வர் ஓக் துண்டு வாங்கினேன். குடகு எஸ்டேட்டிலிருந்து வருவது. லேசான மரம், ஆணி இல்லை. ஒரே நீளக் கட்டையில் நாலு காலுக்கும் வரிசையாகக் கோடு போட்டேன். கோட்டின் மேல் அறுத்தேன். ஒரு இடத்தில் ரம்பம் கோட்டுக்கு இந்தப் பக்கம் போனது, ஒரு இடத்தில் அந்தப் பக்கம். நாலையும் நிறுத்திப் பார்த்தால் நாலும் நாலு உயரம்.

செங்கல்லைக் கொத்துக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகும். நடுவில் எதுவும் காணாமல் போகாது. ரம்பம் தன் பங்கைத் தின்றுவிட்டுத்தான் மீதியைத் தருகிறது. அதற்கு இடம் விட்டுக் கோடு போட வேண்டும். இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. வித்தியாசம் கால் அங்குலம்கூட இல்லை. எங்கள் வேலையில் கால் அங்குலம் பூச்சில் மறைந்துவிடும். மரத்துக்குப் பூச்சு கிடையாது.

பரவாயில்லை, கடைசியில் சரிசெய்துகொள்ளலாம் என்று மேலே போனேன்.

காலின் தலையைச் செதுக்கிப் பலகையின் துளையில் செருக வேண்டும். துளைகளைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கலவை போக இடம் வேண்டும். பசையும் அப்படித்தான் என்று நினைத்தேன். அடுத்தது, காலையும் பலகையையும் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தேன்.

காரணம் இருந்தது. செங்கல்லை நனைக்காமல் வைத்தால் அது கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். கலவை பிடிக்காது. சுவர் நிற்காது. முதல் நாள் வேலைக்கு வருகிற சித்தாளுக்கும் இது தெரியும். மரமும் உலர்ந்த பொருள்தான். பசையும் ஈரமானதுதான். எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

ஊறிய மரத்தில் பசையைத் தாராளமாக வைத்துக் காலைச் செருகினேன். ஊறியதில் உப்பி, இறுக்கமாகவே போய் உட்கார்ந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையும் சாயங்காலமும் மூட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தேன். சிமெண்ட் வேலைக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். நாள் இல்லாததால் இதற்கு நாலு நாள் என்று வைத்தேன்.

இரண்டாம் நாள் மனைவி பின்பக்கம் வந்து பார்த்தாள். நான் சொம்போடு நின்றிருந்தேன்.

"ஏனுங்க, அது ஸ்டூலுங்களா செடிங்களா?"

"மூட்டு கெட்டியாகணும்."

"சரி. எல விட்டாச் சொல்லுங்க."

நாலாம் நாளுக்குப் பிறகு வெயிலில் வைத்தேன். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் மனைவி ஸ்டூலைத் தூக்கினாள். பலகை அவள் கையில் வந்தது. கால்கள் நாலும் தரையில் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று யோசித்துவிட்டு விழுந்தது. பசை மோர் மாதிரி ஒழுகி அடியில் காய்ந்திருந்தது.

அவள் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சிரிக்கவில்லை. அது எனக்கு உறைத்தது. முன்பு கிண்டல் செய்தாள் என்றால், அப்போது கையில் நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் பையை எடுக்கப் போனேன். ஸ்டூல் செய்வதை வெற்றிலைக்காரம்மாவிடம் சொல்லியிருந்தேன். வெற்றிலையை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"அக்காவுக்கு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கா."

"சிம்மாசனம்?"

"ஆயிட்டு இருக்குது."

"ஹப்பா நமக்காக நிக்காதுங் மேஸ்திரி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

மறுபடி மரம் வாங்கினேன். இந்த முறை நனைக்கவில்லை. துளையைச் சின்னதாகப் போட்டு, கால் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, தட்டினால் மட்டும் போகிற மாதிரி வைத்தேன். பசையை ஒரு பூச்சுப் பூசி அடித்தேன். தண்ணீர் தெளிக்கவில்லை. கை தானாகச் சொம்பைத் தேடியது. இரண்டாம் நாள் தூக்கிப் பார்த்தேன். பிரியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள். அவளுடைய குதிகால் தரையைத் தொடவில்லை.

"இது ஒசரங்க."

"நாலு செங்கல்தான்."

"இல்லீங்க."

டேப்பை எடுத்து அளந்தேன். பதினாலு அங்குலம். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. செங்கல் மூன்று அங்குலம். ஒவ்வொன்றுக்கும் அடியில் அரை அங்குலம் கலவை. ஆக ஒரு வரிசை மூன்றரை. நாலு வரிசை பதினாலு. முப்பது வருடம் நான் இப்படித்தான் எண்ணினேன். விளக்கிச் சொன்னேன்.

மனைவி கேட்டுக்கொண்டாள்.

"நான் அன்னைக்குக் கலவை மேலயா உட்காந்தேன்?"

இல்லை. வெறும் செங்கல். பன்னிரண்டு அங்குலம்.

"வெட்டிடலாம்" என்றேன். உயரமாகப் போனது ஒரு வகையில் நல்லது. குட்டையாகப் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காலுக்கு இரண்டு அங்குலம் வெட்ட வேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் எடுக்கப் பயம். ஒன்றரை அங்குலம் எடுத்தேன். பின்பக்கத்துத் தரையில் நிறுத்தினேன். ஆடியது. ஆடாத காலைக் கொஞ்சம் அறுத்தேன். இப்போது வேறு கால் தூக்கியது. அதன் எதிர்க் காலை அறுத்தேன். பழையபடி முதல் கால். நிறுத்துவதும் அறுப்பதுமாக அரை நாள் போனது. தரையில் சின்னச் சின்ன மர வில்லைகள் கிடந்தன. கடைசியில் ஆடாமல் நின்றது. மேலே உட்கார்ந்து பார்த்தேன். ஏறி நின்றும் பார்த்தேன். ஆடவில்லை. அளந்தேன். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவு.

தூக்கிக்கொண்டு போய் மனைவிக்கு முன்னால் சமையலறையில் வைத்தேன். ஆடியது.

கூடத்தில் வைத்தேன். ஆடியது. வாசலில் வைத்தேன். அங்கேயும் ஆடியது. பின்பக்கம் கொண்டுபோனேன். ஆடவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மனைவி எதுவும் கேட்காமல் போனை எடுத்து ஆசாரியைக் கூப்பிட்டாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை.

ஆசாரி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஸ்டூலைப் பார்த்துவிட்டார். தலைகீழாகத் திருப்பினார். மூட்டைத் தட்டினார்.

"மூட்டு பரவால்ல மேஸ்திரி. யாரு செஞ்சது?"

"நான்தான்."

"அதான் கேக்கறேன், மூட்டு யாரு செஞ்சது?"

மனைவி காபி போட உள்ளே போனாள். அவர் ஸ்டூலைக் கூடத்தில் வைத்து ஆட்டினார். பிறகு பின்பக்கம் வைத்து ஆட்டினார். ஆடாததைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்புறம் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

"இந்தத் தரை யாரு போட்டது?"

"நான்தான்."

"தண்ணி எங்க போகுது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடம். தண்ணீர் தேங்கக் கூடாதென்று நாலு மூலையிலிருந்தும் சாக்கடைத் துளைக்கு வாட்டம் கொடுத்துத் தரை போட்டிருந்தேன். ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு சரிவு. அந்தச் சரிவுக்கு ஏற்றபடி ஸ்டூலின் காலை அறுத்திருக்கிறேன். வீட்டிலேயே மட்டமில்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து மட்டம் பார்த்தது நான்தான்.

"நல்ல தரை மேஸ்திரி" என்றார் ஆசாரி. "ஸ்டூலுக்கும் வாட்டம் குடுத்துட்டீங்க. மழ பெஞ்சாத் தண்ணி நிக்காது."

மனைவி காபியோடு வந்தாள். அவரிடம் கேட்டாள்.

"அண்ணா, நாளன்னைக்கு நான் கடையில உட்காரணும். யாரு செஞ்சாலும் எனக்குச் சரி. நீங்க ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "செஞ்சு குடுங்க ஆசாரி."

சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "அங்க தரை எப்படி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை மாதம் தினமும் இரண்டு தடவை குனிந்து அங்கே பை விரித்திருக்கிறேன். தரையைப் பார்த்ததில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது.

"பழைய கல்லுங்கண்ணா. ஒண்ணு தூக்கிட்டு நிக்கும். சுவரோரம் பள்ளம். நான் எடது பக்கமா ஒருச்சாஞ்சுதான் உட்காருவேன்."

"அப்ப என் பட்டறையில எவ்வளவு மட்டமாச் செஞ்சாலும் அங்க போனா ஆடும்" என்றார். "இதே போதும். மூட்டு நல்லாத்தான் இருக்குது. இத அங்க கொண்டு போங்க. அங்க வெச்சு வெட்டுங்க."

"தரையச் சரி பண்ணிட்டா? அரைச் சட்டி கலவை போதும்" என்றேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

மனைவி வேகமாகத் தலையாட்டினாள். "ஐயோ, வேண்டாங்க. சிமெண்டு போட்டா ஜாகாவக் கட்டிக்கிட்டான்னு எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. அங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

ஆசாரி எனக்கு வழி சொன்னார். தூக்கிக்கொண்டு நிற்கிற காலுக்கு அடியில் சில்லு வைத்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சில்லு எவ்வளவு தடிமனோ அவ்வளவை மற்ற மூன்று காலிலும் குறித்து அறுக்க வேண்டும். ஒரே தடவை, ஒவ்வொரு காலாக இல்லை. "கோட்டுக்கு வெளிய ரம்பத்த வைங்க" என்றார். கிளம்பும்போது, "மூணு கால் வெச்சிருந்தா எங்க வெச்சாலும் ஆடாது" என்றார்.

"முன்னயே சொல்லியிருக்கலாம்."

"முன்ன யாரு கேட்டா?"

புதன்கிழமை காலை ஸ்டூலையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் ரம்பத்தைப் பார்த்து முன்பக்கம் நிற்கச் சொன்னார்.

வெற்றிலைக்காரம்மாவின் பக்கத்தில் அவள் மருமகள் நின்றிருந்தாள். கையில் புதுக் கூடை. என்னைப் பார்த்ததும் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பை விரிக்கிற இடத்தில் மண்டிபோட்டுத் தரையைப் பார்த்தேன். மனைவி சொன்னபடிதான் இருந்தது. ஒரு கல் மேலே, சுவரோரம் பள்ளம். யார் போட்டதோ. என்னிடம் வேலை பார்த்தவனாக இருந்தால் பெயர்த்து மறுபடி போடச் சொல்லியிருப்பேன்.

ஸ்டூலை வைத்தேன். ஆட்டம் அதிகம். தேங்காய் ஓட்டுச் சில்லை அடியில் வைத்து நிறுத்தினேன். குறித்தேன். ஸ்டூலைத் தேங்காய்க் கடைப் படியில் சாய்த்துவிட்டு அறுக்க ஆரம்பித்தேன்.

"இங்க வந்து மர வேலையா? இன்னும் காலு எவ்வளவு இருக்குது?" என்றாள் வெற்றிலைக்காரம்மா.

"இருக்குது."

"பாத்துங்க. கடைசியில வெறும் பலகையக் கொண்டு போயிருவீங்க."

வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கோட்டுக்கு வெளியே ரம்பத்தை வைத்தேன். மூன்று கால். மெதுவாக அறுத்தேன். திருப்பி வைத்தேன். கையால் அழுத்தினேன். நாலு மூலையிலும் அழுத்தினேன். பிறகு உட்கார்ந்தேன்.

ஆடவில்லை.

எழுந்து, வேறு பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஆடியது. பழையபடி வைத்தேன். ஆடவில்லை. எது முன்பக்கம் என்று தெரிய பென்சிலால் ஒரு குறி போட்டேன். உயரம் பதினொன்றே முக்காலுக்கும் கொஞ்சம் கீழே. மூன்று செங்கல்லுக்கு மேல், நாலுக்கு உள்ளே. அந்த அளவு போதுமா என்பதை என்னால் சொல்ல முடியாது. முட்டி என்னுடையது இல்லை.

வியாழக்கிழமை விடியும்போதே இருவரும் வந்துவிட்டோம். மனைவி பையை மடித்து ஓரமாக வைத்தாள். ஸ்டூலை வைத்தாள். குறியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். உட்கார்ந்தாள். கூடையை இழுத்துக்கொண்டாள். சேவந்தி ஒரு குவியல், மல்லிகை ஒரு குவியல், தாழம்பூ தனியாக. கட்ட ஆரம்பித்தாள். வெற்றிலைக்காரம்மாவின் மருமகள் அன்று வெற்றிலை அடுக்கினாள்.

கூட்டம் வந்தது. நான் எதிரே நின்றுகொண்டேன். உட்கார்ந்ததைப் பார்த்தாகிவிட்டது. எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. மாரு அளந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். கை இரண்டையும் விரிக்கும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஸ்டூலின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் மல்லிகை தீர்ந்தது. சுவரோரம் இன்னொரு மூட்டை இருந்தது. அதை எடுக்க வேண்டும். மனைவி கையைத் தொடையில் ஊன்றினாள். வெற்றிலைக்காரம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். நானும் ஓரடி எடுத்து வைத்தேன்.

அவள் எழுந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை. முகத்தில் வலி தெரிந்தது. இருந்தாலும் எழுந்துவிட்டாள். மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ஸ்டூல் நின்ற மாதிரியே நின்றது.

வெற்றிலைக்காரம்மா நீட்டிய கையை எடுத்து ஒரு வெற்றிலைக் கட்டைச் சரிசெய்தாள்.

மனைவி பூவைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க. நீங்க நிக்கற எடத்துலதான் கஸ்டமர் நிக்கணும்."

தள்ளிக்கொண்டேன்.